பந்தே ஸ்ரே கோவிலில் காரைக்கால் அம்மையார்: யாரிடமாவது நல்ல படம் இருக்கிறதா?

காரைவாசி | நவம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு கம்போடியா போய் வந்தேன். அங்கோரில் மூன்று நாள், சியம் ரீப் ஊருக்குள் ஒரு நாள். படங்கள் 1,400-க்கு மேல் எடுத்திருக்கிறேன். அங்கோர் வாட் விடியற்காலை, பாயோன் முகங்கள், தா ப்ரோமில் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் வேர்கள் எல்லாமே ஓரளவு நன்றாக வந்திருக்கின்றன. ஒரே ஒரு படம் வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

மூன்றாம் நாள் காலை பந்தே ஸ்ரே போனோம். மற்ற கோவில்களிலிருந்து தள்ளி, வடகிழக்கே இருக்கிறது. நாங்கள் போன வண்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி பூட்டியது, அங்கே ரெமோர்க் என்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கி.பி. 967-இல் கட்டிய சிவன் கோவில். அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. அங்கோர் வாட் பார்த்த கண்ணுக்கு இது பொம்மைக் கோவில் போலத் தெரியும், அவ்வளவு சின்னது. ஆனால் அந்த இளஞ்சிவப்புக் கல்லில் விரல் வைக்க இடமில்லாமல் வேலைப்பாடு.

கிழக்குக் கோபுர வாசலில் எல்லோரும் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நின்றுவிட்டார். மேலே முகப்பைப் பார்த்து, "தம்பி, இங்க பாரு, நம்ம அம்மையார்" என்றார். பல கைகளோடு ஆடுகிற சிவன். காலடியில் ஒரு பக்கம், வற்றிப்போன மார்போடு, எலும்பு தெரிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பிறந்து வளர்ந்தது அம்மையார் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்தைப் பிடித்தே வளர்ந்தவர். அங்கே இருந்த வழிகாட்டி சொல்லவில்லை, பலகையில் படிக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தார்.

பின்னால் ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் நெருக்கியது. அவசரமாக இரண்டு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் சிவன் இருக்கிறார், அம்மையார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இளஞ்சிவப்புத் திட்டு. அம்மா பூஜை அறையில் மாட்டக் கேட்கிறார். யாரிடமாவது இருந்தால், அல்லது யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள்.

வெளிச்சம்தேடி | நவம்பர் 3

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? எந்த லென்ஸ்?

காரைவாசி | நவம்பர் 3

காலை 8 மணி இருக்கும் சார். 24-70 மி.மீ. லென்ஸ், அகலமான பக்கத்தில் 24-இலேயே இருந்தது. மாற்ற நேரமில்லை.

வெளிச்சம்தேடி | நவம்பர் 4

அப்படியானால் கேமரா மேல் தப்பில்லை. அந்த முகப்பு கிழக்குப் பார்த்தது. காலை 8 மணிக்கு, அதுவும் அக்டோபரில், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நேர் வெயிலில் புடைப்புச் சிற்பத்துக்கு நிழலே கிடையாது. நிழல் இல்லையென்றால் பள்ளம் தெரியாது, பள்ளம் தெரியாவிட்டால் விலா எலும்பு தெரியாது. சிவன் பெரிய உருவம், கைகால் விரித்து ஆடுகிறார், அதனால் தப்பித்துவிட்டார். அம்மையார் உருவமே ஒட்டி உலர்ந்தது. கல்லோடு கல்லாகப் போய்விட்டார்.

காலை வெயில் பொன் வெயில், எல்லாப் படமும் அப்போதுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். மனிதர்களுக்கும் மலைக்கும் அது சரி. சிற்பத்துக்கு வெயில் பக்கவாட்டில் சாய்ந்து, கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு முகப்புக்கு 10 மணிக்கு மேல், 11 மணி வரைக்கும். டிசம்பர், ஜனவரியில் இன்னும் நல்லது. சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கே சாய்ந்து போவதால், மேற்கு நோக்கி நிற்கிற உங்களுக்கு இடது தோளுக்கு மேலிருந்து வெளிச்சம் சரிவாக விழும்.

அந்தப் பெண் உருவம் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. 24-இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்க முடியாது. குறைந்தது 100, முடிந்தால் 135 வேண்டும். நாலடி பின்னால் வந்து எடுத்தால் அண்ணாந்து பார்க்கிற சாய்வும் குறையும்.

நெல்லைமைந்தன் | நவம்பர் 4

குறுக்கே ஒரு கேள்வி. அது காரைக்கால் அம்மையார்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? கடல் தாண்டி அவ்வளவு தூரத்தில் ஒரு தமிழ்நாட்டு அடியாரைச் செதுக்குவார்களா? காளியாக இருக்கலாம், சிவகணத்தில் ஒரு பேயாக இருக்கலாம். நம் ஊர் என்றதும் நமக்கு ஆசை வந்துவிடுகிறது. தப்பாகச் சொல்லவில்லை, அம்மாவின் நம்பிக்கையைக் குறைக்கவும் இல்லை.

ஆலங்காட்டான் | நவம்பர் 5

நல்ல கேள்வி சார், கேட்க வேண்டியதுதான். ஆய்வாளர்கள் பலர் அதை அம்மையார் என்றே அடையாளம் சொல்கிறார்கள். காரணம் வெறும் ஒல்லியான உடம்பு மட்டுமல்ல, இடம். அம்மையாரின் கதையில் முக்கியமானது அவர் கேட்ட வரம். கணவன் கைவிட்ட பிறகு அழகான உடம்பை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கினார். கயிலைக்குக் கால் படக்கூடாது என்று தலையால் நடந்து போனார். அங்கே சிவன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்றார். திருவாலங்காட்டில் அந்த வரம் பலித்தது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அதனால்தான் ஆடுகிற சிவனும் காலடியில் மெலிந்த பெண்ணும் சேர்ந்து வந்தால் நமக்கு உடனே பொறி தட்டுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானத்தின் தென்புறம் நடராஜர் மாடத்துக்குக் கீழே அம்மையார் இருக்கிறார். அது 11-ஆம் நூற்றாண்டு. பந்தே ஸ்ரே அதற்கும் முந்தியது! கம்போடியாவில் வேறு சில கோவில்களிலும் ஆடும் சிவன் பக்கத்தில் இந்த உருவம் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன எழுத்தை நினைத்துப் பாருங்கள். கெமர் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வந்தது. எழுத்து போன வழியில் கதையும் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்வெட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அந்த அளவுக்கு உங்கள் கேள்வி நிற்கிறது.

நெல்லைமைந்தன் | நவம்பர் 5

வரம் பற்றிய பகுதி எனக்குத் தெரியாது. இப்போது புரிகிறது. நன்றி.

பயணப்பிரியை | நவம்பர் 8

காரைவாசி அண்ணா, நானும் கணவரும் ஜனவரி இரண்டாம் வாரம் சியம் ரீப் போகிறோம். அந்தப் படத்தை நான் எடுத்துவர முயற்சி செய்கிறேன். என்னிடம் பழைய கேமரா ஒன்று, 18-55, 55-250 இரண்டு லென்ஸ். கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது. போவதற்கு முன் என்ன பழக வேண்டும் என்று வெளிச்சம்தேடி சார் சொன்னால் நன்றாக இருக்கும். அப்புறம், உங்கள் பயணத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள் அண்ணா. மூன்று நாள் போதுமா? விடியற்காலைக் கூட்டம் ரொம்ப இருக்குமா?

வெளிச்சம்தேடி | நவம்பர் 8

55-250 தாராளமாகப் போதும். நீங்கள் எந்த ஊர்? சென்னை என்றால் ஒரு வசதி இருக்கிறது. சென்னையும் சியம் ரீப்பும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 13 பாகையைச் சுற்றி. இன்னொன்று, இங்கே கடிகாரத்தில் மணி பத்து என்றால் சூரியன் எங்கே இருக்குமோ, அங்கேயும் பத்து மணிக்கு ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். இரண்டு ஊர்க் கடிகாரமும் அவரவர் சூரியனுக்கு அவ்வளவு ஒத்துப்போகிறது.

ஆகவே மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் கிழக்குக் கோபுரத்தின் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். 8 மணிக்கு ஒரு பொம்மையை எடுங்கள். 9, 10, 11 மணிக்கு அதே பொம்மையை, அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் எடுங்கள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பத்துப் பத்தி எழுதினாலும் சொல்ல முடியாததை அந்த நாலு படம் சொல்லும். டிசம்பர் கடைசியில் செய்தால் நீங்கள் அங்கே பார்க்கப்போகும் வெளிச்சமும் அதுவேதான்.

பயணப்பிரியை | நவம்பர் 8

சென்னைதான் சார்! கண்டிப்பாகச் செய்கிறேன்.

காரைவாசி | நவம்பர் 9

தங்கச்சி, விவரமாகவே எழுதுகிறேன்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். கோவில்கள் நிறைய இருக்கின்றன என்பதால் சொல்லவில்லை, ஒரே கோவிலுக்கு இரண்டு தடவை போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நான் முதல் நாள் ஒன்பது கோவில் பார்த்தேன். இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் எது எந்தக் கோவில் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் அம்மாவுக்குக் கால் வலித்ததால் அங்கோர் வாட்டில் மட்டும் உட்கார்ந்துவிட்டோம். அன்று எடுத்தவைதான் உருப்படியான படங்கள்.

அங்கோர் வாட்டை விடியற்காலை 5 மணிக்குத் திறக்கிறார்கள். கோவில் மேற்குப் பார்த்தது, அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். எல்லோரும் இடது பக்கக் குளக்கரையில் போய் நெருக்கி நிற்பார்கள். தண்ணீரில் ஐந்து கோபுரமும் தெரியும். நானும் நின்றேன். ஒரு விஷயம் முக்கியம்: விடுதி அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கேமரா இரவு முழுக்க அறையில் இருந்தது. வெளியே வந்து லென்ஸ் மூடியைக் கழற்றியதும் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடியது. வானம் செம்மஞ்சளாகி, ஊதாவாகி, எல்லாம் முடிகிற வரை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். கேமராவைப் பையில் இறுக்கி மூடி, ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.

சூரியன் மேலே வந்ததும் கூட்டம் மொத்தமும் சாப்பிடப் போய்விடும். அப்போது நீங்கள் போகாதீர்கள். நேராகக் கிழக்குப் பிரகாரத்துக்குப் போங்கள். அங்கேதான் பாற்கடல் கடையும் சிற்பம், சுவரின் நீளத்துக்கு வாசுகியைப் பிடித்து இழுக்கிற அசுரரும் தேவரும். நடுவில் திருமால், கீழே ஆமை. கிழக்குப் பக்கம் தூண்கள் திறந்திருப்பதால் காலை வெயில் உள்ளே வரும். நாங்கள் போனபோது எங்கள் இருவரையும் தவிர ஒரு காவலாளிதான். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தூண் நிழலிலும் வெயிலிலும் மாறி மாறி அவர் நடப்பதைப் பின்னாலிருந்து எடுத்தேன். என் 1,400-இல் எனக்குப் பிடித்தது அதுதான்.

மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய திருமால் சிலை இருக்கிறது. தா ரீச் என்று ஊர் மக்கள் இப்போதும் கும்பிடுகிறார்கள். மஞ்சள் துணி சார்த்தி, ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். அங்கே நான் படம் எடுக்கவில்லை. அம்மா கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

பினாங்குமணி | நவம்பர் 9

நான் ஐந்து தடவை போயிருக்கிறேன். குளக்கரை வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். கூட்டம் இருக்கட்டும், ஒரு தடவையாவது அங்கே நின்று பார்க்க வேண்டும். முதல் வெளிச்சத்துக்குச் சற்று முன்னால் அத்தனை பேரும் தாங்களாகவே பேச்சை நிறுத்துவார்கள். அது படத்தில் வராது, ஆனால் அதற்காகவே போகலாம். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் குளம் நிரம்பியிருக்கும்.

பாயோனுக்கு நேரம் பார்க்கவே வேண்டாம். முகங்கள் நாலு திசையும் பார்க்கின்றன. எந்த நேரத்திலும் ஒரு முகத்தில் நல்ல வெயில் இருக்கும். தா ப்ரோமுக்கு மட்டும் மேகமூட்டமான பொழுதாகப் பார்த்துப் போங்கள். வெயில் அடித்தால் இலைகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து படத்தைக் கெடுத்துவிடும். அங்கே கல்லை அடுக்கி நிறுத்துகிற வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறையினரும் பல வருடங்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆலங்காட்டான் | நவம்பர் 10

பந்தே ஸ்ரே பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் அந்தக் கோவிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துப்போய்ப் பிடிபட்டார். பின்னாளில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார். சிற்பங்கள் திரும்பி வந்தன. 1930-களில் ஆன்ரி மார்ஷல் என்பவர் தலைமையில் கல் கல்லாகப் பிரித்து, உரிய இடத்தில் வைத்துக் கட்டினார்கள். இன்று காரைவாசியின் அம்மா அண்ணாந்து பார்த்த முகப்பு அதன் இடத்தில் இருப்பது அந்த வேலையால்தான்.

தென்றல்_87 | நவம்பர் 12

மனிதர்களைப் படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. போன வருடம் நான் போனபோது, பூ விற்கிற ஒரு பாட்டியைத் தூரத்திலிருந்து லென்ஸ் போட்டு எடுத்தேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க மனது சரியில்லை. மறுநாள் வண்டிக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். படம் எடுப்பதற்கு அவர்கள் சொல் "தொத் ரூப்". ரூப் என்பது நம் ரூபம்தான். கேமராவைக் காட்டி, சிரித்து, அதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அதே பாட்டியிடம் போய்க் கேட்டேன். துண்டைத் தலையில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இப்போது எடு என்று கையால் காட்டினார்.

குழந்தைகள் வாசலில் அஞ்சலட்டை, காந்தம் விற்றுக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். வாங்காதீர்கள். வாங்கினால் பள்ளிக்கூடம் போகாமல் அங்கேயே நிற்பார்கள். மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

பயணப்பிரியை | டிசம்பர் 29

மயிலாப்பூர் போய் வந்தேன்! வெளிச்சம்தேடி சார் சொன்னது அப்படியே. 8 மணிப் படத்தில் கோபுரத்துப் பொம்மைகளெல்லாம் ஒட்டிவைத்த காகிதம் போல இருந்தன. பத்தேகால் மணிப் படத்தில் ஒரு பூதத்தின் வயிற்று மடிப்புகூடத் தெரிகிறது. 11 மணிக்கு நிழல் கூடிப்போய்க் கண் குழிகள் கறுத்துவிட்டன. பத்தேகால்தான் எனக்குப் பிடித்தது.

வெளிச்சம்தேடி | டிசம்பர் 29

அப்படியானால் அதே பத்தேகாலுக்கு அங்கே நில்லுங்கள். முன்னதாகவே போய் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்பிரியை | ஜனவரி 19

நேற்று இரவுதான் வந்து சேர்ந்தோம். முதலில் அந்தப் படம், மற்றதெல்லாம் பிறகு.

ஒன்பதே முக்காலுக்கே வாசல் முன்னால் நின்றுவிட்டேன். காலைக் கூட்டம் போய்விட்டிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, காரைவாசி அண்ணா சொன்ன அதே இளஞ்சிவப்புத் திட்டு. பத்து மணி தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து நிழல் மெல்ல நகர்ந்தது. முதலில் சிவனின் தூக்கிய முழங்கால் தெளிந்தது. பிறகு கீழே, ஒரு தோள்பட்டை. அப்புறம் விலா எலும்புகள், ஒன்று இரண்டு என்று எண்ணலாம் போல. தொங்கிய மார்பு. உட்கார்ந்திருக்கிற உடம்பு முழுவதும் வந்துவிட்டது. எடுக்க வந்தவள் எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கணவர்தான் நினைவுபடுத்தினார்.

250-இல் வைத்து அம்மையாரை மட்டும் நெருக்கமாக எடுத்தேன். முப்பது படத்தில் ஒன்றைத் தேர்ந்து இணைத்திருக்கிறேன். கல் நிழலில் நீலம் பாய்ந்திருந்ததால் நிறத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

நெல்லைமைந்தன் சார், வழியில் ப்ரே டாக் என்ற ஊரில் சாலையோரம் பனஞ்சாறு காய்ச்சுகிறார்கள். பனைதான் அவர்களுக்கும் நாட்டு மரம். உங்கள் ஊர்க்காரர் கேட்பீர்கள் என்று நின்று பார்த்தேன். கலயத்தில் சுண்ணாம்புக்குப் பதிலாக ஒரு மரத்துண்டு போடுகிறார்கள். சிரட்டையில் ஊற்றாமல், பனை ஓலையை வளையமாகச் செய்து அதில் ஊற்றி வில்லை வில்லையாக எடுக்கிறார்கள். ஓலையிலேயே சுற்றித் தருகிறார்கள். நம் கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, உப்புச்சுவை கொஞ்சமும் இல்லை.

நெல்லைமைந்தன் | ஜனவரி 19

சுண்ணாம்பு போடாமல் காய்ச்சினால் நிறம் வெளுக்கத்தான் செய்யும். எங்கள் தாத்தா பனையேறியவர், இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். படத்தைப் பார்த்தேன். நவம்பரில் கேட்ட கேள்வியை இப்போது கேட்கமாட்டேன்.

காரைவாசி | ஜனவரி 20

தங்கச்சி, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "கால் எங்கடா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "சாமி கால் எங்க? அவர் காலடிலதான இவங்க இருக்கணும்னு கேட்டாங்க. இவங்கள மட்டும் தனியா வெட்டி வச்சா எப்படி?" என்றார்.

நாம் எல்லோரும் அம்மையாரை நெருக்கமாகப் பிடிப்பதையே நினைத்துக்கொண்டிருந்தோம். சிவனும் சேர்ந்த படம் ஏதாவது எடுத்தீர்களா?

பயணப்பிரியை | ஜனவரி 20

இருக்கிறது அண்ணா! பத்து இருபதுக்கு, முகப்பு முழுவதும் வருகிற மாதிரி 80-இல் ஒன்று எடுத்தேன். அதில் அம்மையார் சின்னதாகத்தான் தெரிவார், ஆனால் தெளிவாக இருக்கிறார். முழு அளவில் மின்னஞ்சல் செய்துவிட்டேன்.

காரைவாசி | ஜனவரி 21

வந்துவிட்டது. அம்மா இதைத்தான் கேட்டார். 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிடக் கொடுக்கப் போகிறேன், கண்ணாடிச் சட்டத்தோடு.

வெளிச்சம்தேடி | ஜனவரி 21

பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியும் வேண்டாம். பூஜை அறையில் கீழே விளக்கு எரியும், சுடர் நேராகக் கண்ணாடியில் அடித்தால் காலடி இருக்கிற இடம்தான் முதலில் மறையும்.